பெர்னார் பாலிஸி என்னும் மட்கலக் கலைஞர் சரித்திரம்

மண்ணையும் நீரையும் நெருப்பையும் துணையாகக் கொண்டு உலகத்தார்க்குக் கலம் வனைந்தளிக்கும் குலத்திற் பிறந்த நாம், அத்தொழிலாற் புகழ் படைத்த பெரியோர்களின் சரித்திரங்களை அறிந்து நம் மக்கட்கும் எடுத்துரைத்தல் கடமையாம். தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனாரின் வரலாற்றை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். கடல் கடந்த தேசங்களிலும் மண்ணைப் பிசைந்து கீர்த்தி பெற்றார் உளர். அவருள் ஒருவராகிய பிரான்ஸ் தேசத்துப் பெர்னார் பாலிஸி என்பாரது வாழ்க்கையை இவ்விதழில் எழுதத் துணிந்தோம்.

இவரைப் பற்றிப் பிற தேசத்தாரும் நிரம்ப எழுதியுள்ளனர். 1859ஆம் ஆண்டில் ஸாமுவேல் ஸ்மைல்ஸ் என்னும் ஆங்கிலேயர் முயற்சியின் பெருமையை விளக்கி வெளியிட்ட நூலில் இவருக்குத் தனியிடம் தந்துள்ளார். ஆயின் அத்தகைய நூல்களைப் படித்தோர் பெரும்பாலும் இவர் தம் வீட்டுப் பலகைகளைச் சூளையிலிட்டு எரித்த ஒரு செய்தியை மட்டுமே நினைவில் வைத்துள்ளனர். இவர் மனைவி மக்கள் பட்ட பாடும், இவர் கொண்ட தெய்வ பக்தியும், மரஞ்செடிகளிடத்தும் ஊர்வனவற்றிடத்தும் இவர் வைத்த அன்பும் அச்சூளைப் புகையில் மறைந்து போயின. அவற்றையும் சேர்த்துக் கூறுதலே நமது நோக்கமாகும்.

பாலிஸி சுமார் 1510ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்குப் பகுதியிற் பிறந்தனர். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம்: இவர் பிறப்பினாற் குயவரல்லர். இளமையிற் கற்றது கோயிற் சாளரங்களுக்கு வர்ணக் கண்ணாடி தீட்டும் தொழில். லத்தீன், கிரேக்கம் என்னும் பாஷைகளை இவர் கற்றவரல்லர். அக்காலத்துத் தொழிலாளர் வழக்கப்படி ஊர் ஊராகச் சென்று வேலை செய்து, சென்ற இடங்களிலெல்லாம் மண்ணின் நிறத்தையும் மலைக்கற்களின் அடுக்கையும் ஊற்றுக்களின் போக்கையும் கூர்ந்து நோக்கிக்கொண்டே திரிந்தனர். பின்னர் 1539ஆம் ஆண்டளவில், ஷராந்த் ஆற்றங்கரையிலுள்ள ஸேந்த் என்னும் நகரில் மனைவி மக்களோடு குடியேறினர். கண்ணாடித் தொழிலில் வருவாய் குன்றிய காலம் அது. அதனால் நிலம் அளந்து படம் வரையும் வேலையையும் உடன் செய்து வந்தனர். அரசாங்கத்தார் உப்புவரி விதிக்கும் பொருட்டு 1543ஆம் ஆண்டளவில் அப்பக்கத்துக் கடற்கரை உப்பளங்களை அளக்கும் வேலை இவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. உப்புவரி இன்னதென்று நம் நாட்டார்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இங்ஙனம் வாழ்ந்து வருநாளில் ஒருவர் இவருக்கு ஒரு மட்கிண்ணத்தைக் காட்டினார். அது வெண்மையான மெருகு பூசப்பெற்று வழுவழுப்பும் ஒளியும் உடையதாய் இருந்தது. அது எத்தேசத்துக் கிண்ணம் என்பது பற்றி அறிஞர் பலபடக் கூறுவர். எத்தேசத்ததாயினும் ஆகுக, அதைக் கண்ட அன்றே பாலிஸியின் அமைதி போயிற்று. இத்தாலியிலும் பிறவிடங்களிலும் இத்தகைய மெருகின் இரகசியம் முன்னரே வழங்கியதுண்டு. ஆயினும் ஸேந்த் நகரத்து ஏழைத் தொழிலாளி ஒருவருக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார் யாருமில்லை. களிமண்ணின் குணமும் அறியாதவராய், இருளிற் கைகளால் தடவிச் செல்வார் போல, இவர் அவ்விரகசியத்தைத் தேடப் புகுந்தனர்.

நம் பானை சட்டிகள் வெந்த பின்னும் நீரைக் கசியவிடும் இயல்பின. அதனாலன்றோ கோடையிற் பானைத்தண்ணீர் குளிர்கின்றது. அக்கசிவை அடைத்துக் கலத்தின்மேற் கண்ணாடி போன்ற தோலொன்று போர்த்துவதே மெருகாகும். மணலையும் காரத்தையும் காரீயத்தையும் அரைத்துக் குழம்பாக்கிப் பூசிச் சுட்டால் அது உருகிக் கலத்தோடு ஒட்டிப் பளபளக்கும். வெள்ளீயம் சேர்ந்தால் பால் போல் வெளுக்கும். செம்பு சேர்ந்தால் பச்சையாம். சொல்வதற்கு இஃது எளிது. ஆனால் எப்பொருள் எவ்வளவு, எத்துணைச் சூடு, எத்துணை நேரம் என்பவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தறிய வேண்டும். தீயின் கொதிநிலையைக் காட்டும் கருவியும் அந்நாளில் இல்லை. கண்ணே கருவி.

பாலிஸி மட்கலங்களை வாங்கி உடைத்து, ஓட்டுத்துண்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகைக் கலவையைப் பூசி, அடையாளம் எழுதிவைத்துச் சுட்டனர். தம் சூளையிற் சுட்டுப் பயன் காணாமல், குயவர் சூளைக்கு அனுப்பினர். அங்கும் உருகவில்லை. குயவர் சூளையின் வெப்பம் இதற்குப் போதாதென்பதைப் பன்னாட் கழித்தே உணர்ந்தனர். அதன்பின் கண்ணாடி உருக்கும் உலைக்குத் துண்டுகளை எடுத்துச் சென்றனர். சில துண்டுகள் உருகத் தொடங்கின. இரண்டாண்டு அவ்வுலைக்கு நடந்தனர். இறுதியில் 300க்கு மேற்பட்ட துண்டுகளைச் சுமந்து சென்று உலையில் வைத்தபோது, நான்கு மணி நேரத்திற்குப் பின் ஒரே ஒரு துண்டு வெண்மையாய் மெருகேறி வெளிவந்தது. அன்று தாம் மறுபிறவி எடுத்ததாக அவர் மகிழ்ந்தனர்.

துன்பம் உண்மையில் அதற்குப் பின்னரே தொடங்கிற்று. ஒரு துண்டில் வந்தது முழுக்கலத்திலும் வரவேண்டுமன்றோ? தம் வீட்டிலேயே கண்ணாடி உலை போன்ற சூளையொன்று கட்டினர். செங்கலைத் தாமே முதுகிற் சுமந்தனர், சுண்ணமும் மண்ணும் தாமே குழைத்தனர், உதவிக்கு ஆளில்லை. ஏழெட்டு மாதம் கலங்கள் செய்து, பூச்சை அரைத்துப் பூசி, சூளையை மூட்டினர். ஆறு பகலும் ஆறு இரவும் இரண்டு வாயிலாலும் விறகு தள்ளியும் மெருகு உருகவில்லை. கலவை பிழைத்ததென்று எண்ணி, தீயை அணையவிடாமலே புதிதாய் அரைத்துப் புதுக்கலங்களிற் பூசிச் சூளையிலிட்டனர். அப்போது விறகு தீர்ந்தது. தோட்டத்துக் கொடிகளைத் தாங்கி நின்ற கழிகளைப் பிடுங்கி எரித்தனர். அவையும் தீர்ந்தன. பின்னர் வீட்டு மேசைகளும், தரையிற் பாவியிருந்த பலகைகளும் சூளைக்குள் சென்றன. உலகம் அறிந்த செய்தி இதுவே.

ஊரார் சிலர் இவருக்குப் பித்துப் பிடித்ததென்றனர். சிலர் கள்ளநாணயம் வார்க்கின்றாரென்று வதந்தி பரப்பினர். கடன்காரர் வாயிலில் நின்றனர். கைக்குழந்தைகள் இருவருக்குப் பால் கொடுத்து வந்த செவிலியர்க்குக் கூலி பாக்கி நின்றது. இந்நிலையில் இவர் மனைவியார் இவரைக் கடிந்து பேசியதாக இவரே எழுதிவைத்துள்ளனர். அதைக் கொண்டு பிற்கால ஆசிரியர் பலர் அவ்வம்மையாரை அறிவிலி என்றும் கணவனது மேன்மையை உணராதவள் என்றும் இழித்துரைத்தனர். அதனை நாம் ஒப்பவில்லை. சூளை வேகாத நாளில் அடுப்பும் எரியாது என்பது நம் வீட்டுப் பெண்டிர்க்குத் தெரியாததன்று. மண்ணை மிதித்தும் தண்ணீர் சுமந்தும் கலங்களை வெயிலில் அடுக்கியும் தொழிலிற் பாதியைத் தாங்குவோர் அவரேயன்றோ? தரையும் மேசையும் சாம்பலாகியும் ஒரு கலமேனும் விற்பனைக்கு வாராத வீட்டில், பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு அத்தாய் வேறு என்ன பேசியிருத்தல் கூடும்? அவ்வம்மையாரின் பெயரைக்கூட அந்நூல்கள் போற்றவில்லை.

பாலிஸியும் குடும்பத்தை மறந்தவரல்லர். இடையிடையே சோதனைகளை நிறுத்திவிட்டு நிலம் அளத்தல், படம் எழுதுதல் முதலிய வேலைகளாற் கிடைத்த பணத்தை வீட்டுக்குக் கொணர்ந்தனர். மறுமுறை மண்ணைத் தொடும்போது, நேரம் வீணாகாதிருக்கத் தொழில் தெரிந்த குயவர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி ஆறுமாதம் வேலை வாங்கினர். கூலி கொடுக்க வகையின்றி இறுதியில் தம் உடைகளையே கழற்றிக் கொடுத்தனர். பழைய சூளையைப் பிரித்துப் புதிது கட்டும்போது விரல்களெல்லாம் கிழிந்து, துணி சுற்றிய கையோடே கஞ்சி குடித்தனர்.

இம்முறை மெருகு நன்றாக உருகிற்று. ஆனால் சூளைக்குப் பூசிய சாந்தில் நெருப்புக்கல் துணுக்குகள் கலந்திருந்தன. வெப்பத்தால் அவை வெடித்துச் சிதறி, உருகி நின்ற மெருகில் ஒட்டிக்கொண்டன. கலங்களைக் கையால் தடவினால் கூரிய கல் கீறும். அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தனர். கடனோ கழுத்தளவு இருந்தது. எனினும் குறையுள்ள பண்டத்தை விற்றால் தம் கைக்கு இழுக்கென்று அத்தனையையும் உடைத்தெறிந்து படுக்கையில் வீழ்ந்தனர். இச்செயலைப் பாராட்டுவதா, வீட்டிலிருந்த குழந்தைகளை நினைந்து வருந்துவதா என்று நம்மால் எளிதில் முடிவு கூற இயலவில்லை.

பிறகும் தடைகள் பல. சாம்பல் பறந்து மெருகிற் படிந்தது. அதற்கு மாற்றாகக் கலங்களை மூடிச் சுடும் மண்ணுறைகளைச் செய்துகொண்டனர். பல்லியின் பச்சை நிறம் கருகிய பின்னும் பாம்பின் நிறம் உருகாது நிற்கும். ஒவ்வொரு வர்ணமும் ஒரே சூட்டில் ஒருங்கே உருகும்படி கலவைகளை இசைவிக்கப் பல ஆண்டுகள் ஆயின. சூளைக்குக் கூரையில்லை, மழையிலும் காற்றிலும் தனித்து நின்று காத்தனர். நள்ளிரவிலோ விடியலிலோ நனைந்து நடுங்கிக் குடித்தவர் போற் தள்ளாடி வீடு வந்து சேர்வர். உடல் மெலிந்து கால்கள் குச்சிகள் போலாயின. தொடங்கிய நாள் முதல் 15, 16 ஆண்டுகள் சென்ற பின்னரே தொழில் கைவந்தது.

கைவந்த தொழில் எத்தகையது என்பதே வியப்பு. வெள்ளைக் கிண்ணத்தைத் தேடிப் புறப்பட்டவர், அதனினும் வேறான ஒன்றைக் கண்டனர். பெரிய நீள்வட்டத் தட்டுகளில் ஓடை ஓடுவது போலவும், அதன் நடுவே பாம்பொன்று சுருண்டு கிடப்பது போலவும், சுற்றிலும் தவளை, பல்லி, நண்டு, மீன், சிப்பி, இலை, பாசி முதலியன உயிரோடு இருப்பன போலவும் அமைத்தனர். மெய்யான உயிரினங்களின் உடலிலிருந்தே அச்செடுத்தமையால் செதில்களின் வரிசையும் இலையின் நரம்பும் பிழையாமல் விளங்கின. அரண்மனை விருந்துகளில் மேன்மக்கள் பொன்னையும் வெள்ளியையும் கண்டு சலித்த காலத்தில், சேற்றிலும் புதரிலும் வாழும் எளிய பிராணிகளைக் கடவுளின் கைவேலையாகக் கண்டு தட்டில் ஏற்றியவர் இவர். இப்பாண்டங்களின் அழகில் ஈடுபட்ட மொன்மொரான்ஸி என்னும் பெரும் பிரபு, எகுவான் என்னுமிடத்துத் தம் மாளிகைக்கென ஒரு செயற்கைக் குகையை மட்கலத்தால் அமைத்துத் தருமாறு வேண்டினர். அரசருக்கும் அரசரின் அன்னைக்கும் உரிய கலைஞர் என்னும் பட்டமும் பின்னர் கிடைத்தது.

இனி இவருடைய பக்தியைக் கூறுவாம். அக்காலத்தில் பிரான்ஸ் தேசத்துக் கிறிஸ்தவர்கள் பழைய கத்தோலிக்க சபையினர் என்றும், ஹூகனாட் எனப்படும் சீர்திருத்த சபையினர் என்றும் இரு பிரிவாகப் பிரிந்து கொடிய பகைமை பூண்டிருந்தனர். பாலிஸி சீர்திருத்த சபையைச் சேர்ந்தனர். ஸேந்த் நகரில் ஏழைத் தொழிலாளர் சிலர் மறைவாகக் கூடி, ஞாயிறுதோறும் முறைவைத்து ஒருவர் மாற்றி ஒருவர் வேதம் வாசித்து உபதேசித்தனர். அச்சிறு கூட்டமே அவ்வூர்ச் சபையாக வளர்ந்தது. பிலிபேர் அமலேன் என்னும் போதகர் பிடிபட்டபோது பாலிஸி அஞ்சாது நீதிபதிகளிடம் சென்று அவர் நற்குணத்தை எடுத்துரைத்து மன்றாடினர். பயனில்லை, 1557ஆம் ஆண்டில் போர்தோ நகரில் அவர் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் போர் மூண்ட 1562ஆம் ஆண்டில் பாலிஸியும் சிறைப்பட்டனர். இரவோடு இரவாக அவரைப் போர்தோவுக்குக் கொண்டு சென்றனர். அவரது தொழிற்சாலையைப் பகைவர் உடைத்துப் புகுந்தனர். கத்தோலிக்கராகிய மொன்மொரான்ஸியின் பரிந்துரையே அவரை மரணத்தினின்று மீட்டது. மதத்தால் பகைவராயினும் கலையால் நண்பராயிருந்தமை கருதத்தக்கது.

விடுதலை பெற்று 1563ஆம் ஆண்டில் லா ரொஷெல் நகரில் ஒரு நூல் அச்சிட்டனர். போரும் கொலையும் சூழ்ந்த நாளில் எழுதிய அந்நூலில் அவர் பேசுவது தோட்டத்தையும் எருவையும் மரத்தையும் பற்றி! ஒருநாள் ஷராந்த் ஆற்றங்கரையில் உலாவியபோது இளமகளிர் சிலர் மரநிழலில் அமர்ந்து, படைப்பின் அழகைப் போற்றும் 104ஆம் சங்கீதத்தைப் பாடக் கேட்டு, அப்பாடலின் பொருளைக் கண்ணாற் காணுமாறு ஒரு தோட்டம் அமைக்க வேண்டுமென அவருள்ளத்தில் எண்ணம் எழுந்தது. மலையடிவாரம், ஓடை, குகை, மரங்களாலேயே ஆன மண்டபம் என்று அதன் அமைப்பை விரிவாக எழுதியுள்ளனர். எருக்குவியலை மழையில் நனையவிட்டால் அதன் சத்தாகிய உப்பு கரைந்தோடும் என்றும், குவியல் கிடந்த இடத்திற் பயிர் செழித்து வளர்வதே அதற்குச் சான்றென்றும் உழவர்க்கு அறிவுறுத்தினர். காடுகளை வெட்டிவிட்டு மறுபடி நடாதவர்களைக் கண்டு மிகக் கொதித்தனர். மரமில்லையேல் நின்றுபோகும் தொழில்கள் எவையெவை என எழுதத் தொடங்கியவர், அப்பட்டியலுக்கு முடிவே காணாமல் எழுதுவதை விட்டனர். தரைப்பலகையையும் விறகாக்கியவரன்றோ, மரத்தின் அருமை அவரினும் அறிந்தார் யார்?

அந்நூலில் மற்றொரு செய்தி நம் மனத்தைக் கவர்ந்தது. போரில் மக்கள் படும் துன்பங் கண்டு, பகைவர் புகமுடியாத நகரொன்றை வகுக்க விரும்பிய பாலிஸி, சிற்பிகளின் வரைபடங்களிற் தேடிக் காணாமல் காட்டிலும் கடற்கரையிலும் தேடினர். கினி தேசத்துக் கடலிலிருந்து வந்த சங்கினங்கள் இரண்டு அவர் கைக்குக் கிடைத்தன. இரண்டினுள் வலிமை குறைந்த ஓட்டிற்கே முட்கள் மிகுதியாய் அமைந்திருந்தன. எளியதற்கே இறைவன் மிகுந்த காப்பளித்துள்ளான் என உணர்ந்து, அச்சங்கின் புரி போலச் சுற்றிச்சுற்றிச் செல்லும் ஒரே வீதியால் ஆன கோட்டை நகரை வரைந்தனர்.

1565ஆம் ஆண்டை அடுத்துப் பாரிஸ் நகருக்குச் சென்றனர். அரசரின் அன்னையாகிய காத்தரின் தெ மெதிசி, துயிலெரி அரண்மனைத் தோட்டத்தில் ஒரு குகை அமைக்கும் வேலையை இவருக்குத் தந்தனர். 1570ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் பெர்னார், நிக்கோலா, மாத்துரேன் என மூன்று பாலிஸிகளுக்குக் கூலி எழுதப்பட்டுள்ளது. பின்னிருவரும் அவர் புதல்வரென்பர். தொழிலுக்காகப் பசியிற் கிடந்த வீட்டிலிருந்தே தந்தையோடு மண் பிசைந்து அரண்மனைக் கூலி பெறப் புதல்வர் வந்தனர் எனக் காண்கையில் நம் உள்ளம் சிறிது ஆறுதல் அடைகின்றது. 1572ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஹூகனாட்டுகள் ஆயிரக்கணக்கிற் கொல்லப்பட்டபோது பாலிஸி உயிர் தப்பிச் சிலகாலம் ஸெதான் நகரில் வாழ்ந்து மீண்டனர்.

1575ஆம் ஆண்டில், முதுமையில், ஒரு புதுமை செய்தனர். நீரூற்று, கல், உலோகம், மண் ஆகியவற்றைப் பற்றிப் பிரசங்கம் செய்வதாகப் பாரிஸ் நகரெங்கும் விளம்பரம் ஒட்டி, வருவோர் ஒரு பொற்காசு கொடுக்க வேண்டுமென்றும், தாம் கூறியதைப் பொய்யெனக் காட்டுவார்க்கு நான்கு மடங்கு திருப்பித் தருவதாகவும் அறிவித்தனர். அரசவை வைத்தியராகிய அம்புருவாஸ் பரே முதலிய அறிஞர்கள் வந்து கேட்டனர். ஆற்றுநீரும் ஊற்றுநீரும் மழையே. அது பூமியின் பிளவுகளில் இறங்கிப் பாறையாலோ களிமண்ணாலோ தடுக்கப்பட்டு வெளிப்படுகின்றது என்றனர். மலைமேற் கல்லாய்க் கிடக்கும் சிப்பிகள் ஒருகாலத்தில் உயிரோடு நீரில் வாழ்ந்தவையே என்றனர். இன்றைய விஞ்ஞானிகள் இவ்விரண்டையும் ஒப்புகின்றனர். 1580ஆம் ஆண்டில் இவற்றை நூலாக வெளியிட்டபோது, ஏட்டறிவும் அனுபவமும் இருவர்போல் நின்று உரையாடுவதாக அமைத்து, அனுபவமே ஏட்டறிவுக்குப் பாடஞ் சொல்வதாக எழுதினர்.

மட்கலையைப் பற்றிய பகுதியும் அந்நூலில் உளது. தம் மெருகிற்கு வெள்ளீயம், காரீயம், இரும்பு, அஞ்சனக்கல், செம்பு, மணல், மிருதாரசிங்கி முதலியன வேண்டுமென்று சொல்லி, அளவை மட்டும் மறைத்தனர். மருந்தும் உழவும் பற்றிய இரகசியங்களை ஒளித்தல் பாவமென்றும், கலைத்தொழிலின் நுட்பம் எல்லார்க்கும் பரவினால் பண்டம் மலிந்து தொழிலாளி பசியால் வாடுவானென்றும் அவர் கருதினர். வர்ணக் கண்ணாடித் தொழில் அவ்வாறு மலிந்து கெட்டதைத் தம் கண்ணாற் கண்டவராதலின் அவ்வாறு எண்ணினார் போலும். தந்தை மகனுக்கன்றிப் பிறர்க்குச் சொல்லாத கைமுறைகள் நம்மிடத்தும் பல இருந்தன. சொல்லுமுன் தந்தை மாண்டமையால் அழிந்தனவும் பல. ஆதலின் இவ்விஷயத்தில் பாலிஸியின் பக்கமோ எதிர்ப்பக்கமோ சார்ந்து பேச நாம் விரையவில்லை. அங்கத்தினர்கள் தத்தம் வீட்டில் இதனை ஆராய்வார்களாக.

மதக்கலகம் மீண்டும் முற்றியபோது, 1588ஆம் ஆண்டில், ஏறக்குறைய 80 வயது சென்ற அக்கிழவரைப் பிடித்துப் பாஸ்தீல் சிறையில் அடைத்தனர். மதத்தை விட்டால் விடுதலை உண்டு. அவர் விடவில்லை. அரசர் சிறைக்கே வந்து அவரிடம் இரங்கிப் பேசியதாக ஒரு கதை வழங்குகின்றது. சரித்திர ஆசிரியர் அதை மெய்யென ஏற்பதில்லை. கதையின்றியே அவர் உறுதி விளங்கும். வறுமையாலும் கொடுமையாலும் நலிந்து 1590ஆம் ஆண்டளவில் அச்சிறையிலேயே உயிர் நீத்தனர். அவரை அறிந்திருந்த பியேர் தெ லெத்துவால் என்பார் தம் நாட்குறிப்பில், காலத்தால் கல்லாய்ச் சமைந்த மண்டையோடு எனப் பாலிஸி கருதிப் போற்றிய ஒரு கல்லைச் சாகுந்தறுவாயில் தமக்கு அனுப்பிவைத்ததாக எழுதியுள்ளார். 

அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவரைப் பெரிதும் மறந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூர் நகரத்து ஷார்ல் ஜான் அவிஸோ என்னும் தொழிலாளி, பாலிஸியின் தட்டொன்றைக் கண்டு மயங்கி, அவரைப் போலவே பல்லாண்டு தாமே முயன்று அம்மெருகை மீண்டும் கண்டனர். ஸேந்த் நகரிலும் பாரிஸிலும் பாலிஸிக்குச் சிலைகள் எழுந்தன. 1980ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டுகளில் பாரிஸ் லூவ்ர் காட்சிசாலையை விரிவாக்க நிலத்தை அகழ்ந்தபோது, நானூறு ஆண்டு மண்ணுள் மூடிக் கிடந்த அவரது சூளைகளும், அச்சுக்களும், மெருகேறிய துண்டுகள் ஆயிரக்கணக்கிலும் வெளிப்பட்டன.